பந்து, உருளை, கனசதுரம்: ஃபிரெடரிக் ஃபிரோபெல்லின் வாழ்க்கை

நம் குடியிருப்பில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. படிக்கும் குழந்தைகள் இல்லாத தளமே இல்லை எனலாம். அந்தக் கே.ஜி. என்ற இரண்டு எழுத்துகள் கிண்டர்கார்டன் என்ற ஜெர்மன் சொல்லின் சுருக்கம். குழந்தைகளின் தோட்டம் என்று பொருள். இந்தச் சொல்லை உருவாக்கியவர் ஃபிரெடரிக் ஃபிரோபெல். அவருடைய கிண்டர்கார்டனில் எழுத்துப் பயிற்சி கிடையாது, வாய்ப்பாடு கிடையாது, வீட்டுப்பாடமும் கிடையாது. மரத்தால் செய்த பந்தும் உருளையும் கனசதுரமும் இருந்தன. பாட்டும் விளையாட்டும் செடி வளர்ப்பும் இருந்தன. இதற்காக ஓர் அரசாங்கம் அவருடைய பள்ளிகளுக்குத் தடை போட்டது என்றால் நம்ப முடிகிறதா?

குழந்தைகளுக்குக் கன உருவங்களைப் புரியவைக்க நாம் இன்று வாங்கித் தரும் கட்டை விளையாட்டுச் சாமான்களில் பெரும்பாலானவை ஏதோ ஒரு வகையில் இவருடைய பெட்டிகளின் வாரிசுகள்தான். கோடை விடுமுறையில் பிள்ளைகளை எப்படிச் சமாளிப்பது என்று யோசிக்கும் பெற்றோருக்கும் தாத்தா பாட்டிகளுக்கும் இவருடைய வாழ்க்கை பயன்படும்.

தாயில்லாப் பிள்ளை

ஃபிரோபெல் 1782 ஏப்ரல் 21 அன்று ஓபர்வைஸ்பாக் என்ற கிராமத்தில் பிறந்தார். அது ஜெர்மனியின் நடுப்பகுதியில் உள்ள துரிங்கியா மலைக்காட்டில் இருக்கிறது. அப்போது ஜெர்மனி ஒரே நாடாக இல்லை. சின்னச் சின்ன அரசுகளாகப் பிரிந்து கிடந்தது. அப்பா பாதிரியார். பல கிராமங்களின் திருச்சபைப் பொறுப்பு அவருக்கு இருந்ததால் வீட்டில் இருக்கும் நேரம் குறைவு. குழந்தைக்கு ஒன்பது மாதம் ஆனபோது அம்மா இறந்துவிட்டார். வேலைக்காரர்களும் அண்ணன்மார்களும்தான் பார்த்துக்கொண்டார்கள்.

சில ஆண்டுகளில் அப்பா மறுமணம் செய்தார். சிற்றன்னை முதலில் அன்பாகத்தான் இருந்தார். தனக்கென்று ஒரு மகன் பிறந்ததும் நிலைமை மாறியது. ஜெர்மன் மொழியிலும் நம் மொழியைப் போல நெருக்கமானவர்களை அழைக்க ஒரு சொல், விலகி நிற்பவர்களை அழைக்க வேறொரு சொல் என்று உண்டு. அதுவரை உரிமையோடு அழைத்த சிற்றன்னை, அந்நியரை அழைக்கும் சொல்லால் அவனை அழைக்கத் தொடங்கினார். அந்த ஒரு சொல் மாற்றத்தை ஃபிரோபெல் கடைசிவரை மறக்கவில்லை. பல பத்தாண்டுகள் கழித்துத் தன் வாழ்க்கையைப் பற்றி எழுதிய கடிதத்திலும் அதைக் குறிப்பிட்டிருக்கிறார்.

பையன் மந்தமானவன் என்று அப்பாவும் முடிவுகட்டினார். கிராமத்துப் பையன்களோடு சேர்க்காமல் பெண்கள் படிக்கும் வகுப்பில் உட்காரவைத்தார். வீட்டிலும் வெளியிலும் தனியாகவே திரிந்த பையனுக்குத் தோட்டமும் செடிகளும் கற்களும்தான் துணை. பத்து வயதில் அம்மாவின் அண்ணன் வந்து அவனை ஷ்டாட்டில்ம் என்ற ஊருக்குத் தன்னோடு அழைத்துப் போனார். அங்கே அந்தத் தாய்மாமன் வீட்டில்தான் மற்றப் பிள்ளைகளோடு ஓடி விளையாடும் சுதந்திரம் முதல் தடவையாகக் கிடைத்தது. விளையாட்டு என்பது குழந்தைக்கு நேரப்போக்கு அன்று, அதுதான் குழந்தையின் முக்கிய வேலை என்று பின்னாளில் அவர் வாதாடியதன் வேர் இந்த இரண்டு வீடுகளுக்கும் இடையே இருந்த வித்தியாசத்தில் இருக்கிறது.

காடும் கல்லும்

பதினைந்து வயதில் அவரை ஒரு வன அதிகாரியிடம் தொழில் பழக அனுப்பினார்கள். அதிகாரிக்குச் சொல்லித்தரும் பொறுமை இல்லை. ஆனால் அவரிடம் நல்ல புத்தகங்கள் இருந்தன. அவற்றைப் படித்துத் தானாகவே நில அளவையும் வடிவியலும் தாவரவியலும் கற்றுக்கொண்டார். 1799இல், யெனா பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த அண்ணனுக்குப் பணம் கொண்டுபோய்க் கொடுக்கச் சென்றவர், அங்கேயே தங்கிப் படிக்க ஆரம்பித்தார். கையில் காசு தீர்ந்தது. சாப்பாட்டு விடுதிக்குத் தரவேண்டிய சுமார் 30 டாலர் வெள்ளிக்காசுக் கடனுக்காகப் பல்கலைக்கழகச் சிறையில் ஒன்பது வாரம் அடைத்துவிட்டார்கள். படிப்பு பாதியில் நின்றது.

அடுத்த சில ஆண்டுகளில் வன அலுவலகம், நில அளவை, பண்ணைக் கணக்கு என்று பல வேலைகளில் ஒட்டாமல் நகர்ந்தார். 1805இல் கட்டடக்கலை படிக்கலாம் என்று பிராங்பர்ட் நகருக்குப் போனார். அங்கே ஒரு மாதிரிப் பள்ளியின் தலைமையாசிரியராக இருந்த குருனர் அவரைப் பார்த்துப் பேசிவிட்டு, உனக்கு ஏற்றது ஆசிரியர் வேலைதான் என்று தன் பள்ளியிலேயே இடம் கொடுத்தார். வகுப்பறைக்குள் நுழைந்த முதல் நாளே, இத்தனை நாள் தேடியது இதைத்தான் என்று ஃபிரோபெல்லுக்குத் தெரிந்துவிட்டது. அப்போது வயது 23.

அந்தக் காலத்தில் கல்விச் சீர்திருத்தம் என்றால் எல்லோரும் பார்த்தது சுவிட்சர்லாந்தின் பெஸ்டலாட்சியை. மனப்பாடத்துக்குப் பதிலாகப் பொருள்களைப் பார்த்துக் கற்கவேண்டும் என்றவர் அவர். ஃபிரோபெல் தன்னிடம் படித்த ஒரு பிரபு வீட்டுப் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு 1808 முதல் 1810 வரை இவெர்டன் ஊரில் பெஸ்டலாட்சியின் பள்ளியில் தங்கினார். நிறையக் கற்றார். ஆனால் ஓர் இடத்தில் அவருக்கு உடன்பாடு இல்லை. அங்கே வடிவங்களைக் கோடு, கோணம், சதுரம் என்ற வரிசையில் சொல்லிக்கொடுத்தார்கள். கோடு என்பது பெரியவர்கள் மனத்தில் பிரித்தெடுத்த ஒன்று. குழந்தையின் கைக்கு முதலில் வருவது கோடா என்ன? பந்து வரும், கல் வரும், கிண்ணம் வரும். எல்லாமே முழுப் பொருள்கள். அப்படியானால் பாடமும் முழுப் பொருளில்தானே தொடங்கவேண்டும்? இந்தக் கேள்வி அவரோடு தங்கிவிட்டது.

அதற்கு விடை கிடைத்த இடம் பள்ளிக்கூடம் அன்று, ஒரு கல் அருங்காட்சியகம். 1811இல் மீண்டும் பல்கலைக்கழகப் படிப்புக்குத் திரும்பிய ஃபிரோபெல், பெர்லினில் கிறிஸ்டியான் சாமுவேல் வைஸ் என்ற பேராசிரியரிடம் படிகவியல் கற்றார். படிகங்களை அவற்றின் அச்சுகளைக் கொண்டு வகைப்படுத்தியவர் வைஸ். இடையில் 1813இல் நெப்போலியனுக்கு எதிரான போரில் தொண்டர் படையில் சேர்ந்தார். அங்கே கிடைத்த லாங்கெதால், மிடென்டோர்ஃப் என்ற இரு நண்பர்களும் வாழ்நாள் முழுவதும் கூட இருந்தார்கள். போர் முடிந்து 1814இல் பெர்லின் கனிம அருங்காட்சியகத்தில் வைஸின் உதவியாளராக வேலைக்குச் சேர்ந்தார்.

அங்கே நாள் முழுவதும் படிகங்களை எடுத்துத் திருப்பிப் பார்ப்பதும் அளப்பதும் அடுக்குவதும்தான் வேலை. உப்புப் படிகம் ஏன் கனசதுரமாக இருக்கிறது, உடைத்தாலும் ஏன் மறுபடி சின்னச் சின்னக் கனசதுரங்களாகவே உடைகிறது என்பது போன்ற விஷயங்கள் அவரை ஆட்கொண்டன. உயிரில்லாத கல்லுக்கும் உள்ளிருந்து வெளியே வளரும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. குழந்தைக்கும் அப்படித்தான் என்று அவர் நினைத்தார். வெளியிலிருந்து திணிக்கத் தேவையில்லை. வளர்வதற்கு இடமும் சரியான பொருளும் கொடுத்தால் போதும்.

ஐந்து பிள்ளைகளோடு ஒரு பள்ளி

போரின்போது காயமுற்ற வீரர்களைக் கவனித்துக்கொண்ட அண்ணன் கிறிஸ்டோஃப் நச்சுக்காய்ச்சல் தொற்றி இறந்துபோனார். அவருடைய மூன்று மகன்களுக்கும் படிப்புக்கு வழி செய்யவேண்டும் என்று அண்ணி கேட்டுக்கொண்டார். நிலையான வேலையை விட்டுவிட்டு ஃபிரோபெல் கிளம்பினார். 1816இல் கிரீஸ்ஹைம் என்ற கிராமத்தில் பள்ளி தொடங்கியது. மொத்த மாணவர்கள் ஐந்து பேர். ஐவரும் அண்ணன்மார் பிள்ளைகள்.

அடுத்த ஆண்டு பள்ளி கைல்ஹாவ் என்ற கிராமத்துக்கு மாறியது. போர்க்கால நண்பர்கள் இருவரும் வந்து சேர்ந்தார்கள். மலையேறுவது, கட்டை அடுக்குவது, தோட்ட வேலை, வரைபடம் எல்லாமே பாடம். மாணவர் எண்ணிக்கை ஐம்பதைத் தாண்டியது. 1826இல் மனிதக் கல்வி பற்றிய தன் முக்கியமான நூலையும் வெளியிட்டார். ஆனால் அது அரசுகள் எதற்கெடுத்தாலும் புரட்சி வாடை பிடித்த காலம். நீண்ட முடி வளர்த்து, எளிய உடையில் காடு மேடெல்லாம் சுற்றும் இந்தப் பிள்ளைகளைப் பார்த்துப் பிரஷ்ய அரசுக்குச் சந்தேகம் வந்தது. விசாரிக்க வந்த அதிகாரி பள்ளியைப் பாராட்டித்தான் அறிக்கை கொடுத்தார். ஆனாலும் பேர் கெட்டால் கெட்டதுதானே? பெற்றோர்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் மாணவர்கள் மிஞ்சினார்கள்.

1831இல் ஃபிரோபெல் சுவிட்சர்லாந்துக்குப் போனார். பர்க்டோர்ஃப் ஊரில் ஓர் அநாதை இல்லத்தின் பொறுப்பு கிடைத்தது. அங்கேதான் நான்கு, ஐந்து வயதுக் குழந்தைகளை நாள்தோறும் அருகிலிருந்து பார்க்கும் வாய்ப்பு வந்தது. பள்ளிக்கு வரும் வயதுக்கு முன்பே எவ்வளவோ நடந்து முடிந்துவிடுகிறது, அந்த ஆண்டுகளை யாருமே கவனிப்பதில்லை என்பதை அப்போது உணர்ந்தார். மனைவி வில்ஹெல்மீனாவின் உடல்நிலை மோசமானதால் 1836இல் ஜெர்மனிக்குத் திரும்பினார். 1837இல், 55 வயதில், பிளாங்கன்பர்க் என்ற சிற்றூரில் குழந்தைகளுக்கான விளையாட்டுப் பொருள்களைச் செய்யும் வேலையைத் தொடங்கினார்.

பெட்டிக்குள் என்ன இருந்தது?

இந்தப் பொருள்களுக்குப் பரிசுகள் என்று பெயர் வைத்தார். வரிசை எண் போட்டு, ஒன்றிலிருந்து இன்னொன்று பிறப்பதுபோல் அமைத்தார்.

முதல் பரிசு கைக்குழந்தைக்கு. ஆறு நிறங்களில் ஆறு மென்மையான கம்பளிப் பந்துகள், ஒவ்வொன்றிலும் ஒரு நூல். பந்து எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே மாதிரிதான் தெரியும். பிடிக்கலாம், விடலாம், ஆட்டலாம், ஒளிக்கலாம், திரும்பக் கொண்டுவரலாம். இருக்கிறது, போய்விட்டது, வந்துவிட்டது என்ற மூன்றையும் குழந்தை கையாலேயே அறிகிறது.

இரண்டாம் பரிசுதான் புகழ்பெற்றது. மரத்தில் செய்த கோளம், கனசதுரம், உருளை. கோளத்துக்கு முனையும் இல்லை, விளிம்பும் இல்லை. வைத்த இடத்தில் நிற்காமல் உருண்டு போகும். கனசதுரம் நேர் எதிர். ஆறு முகம், பன்னிரண்டு விளிம்பு, எட்டு முனை. வைத்தால் வைத்த இடத்தில் நிற்கும். உருளை இரண்டுக்கும் நடுவில் சமாதானம் செய்துவைக்கும் ஆள். நிமிர்த்தினால் நிற்கும், சாய்த்தால் உருளும். இவற்றில் சிறு கொக்கிகள் உண்டு. நூலில் கட்டித் தொங்கவிட்டு நூலை முறுக்கி விட்டால் சுழலும். முகத்தின் நடுவில் கட்டிய கனசதுரம் வேகமாகச் சுழலும்போது கண்ணுக்கு உருளையாகத் தெரியும். உருளையைப் பக்கவாட்டில் கட்டிச் சுழற்றினால் உள்ளே ஒரு கோளம் தெரியும். முற்றிலும் வேறு என்று நினைத்த மூன்று உருவங்களும் ஒன்றுக்குள் ஒன்று ஒளிந்திருப்பதை மூன்று வயதுக் குழந்தை பார்த்துச் சிரிக்கும். காரணத்தைப் பிறகு படித்துக்கொள்ளலாம்.

மூன்றாம் பரிசு, இரண்டு அங்குலக் கனசதுரம். ஆனால் எட்டுச் சின்னக் கனசதுரங்களாகப் பிரியும். எந்தக் குழந்தைக்கும் பொருளை உடைத்து உள்ளே பார்க்கும் ஆசை உண்டல்லவா? அந்த ஆசைக்கு அடி போடாமல் வழிவிட்டார் ஃபிரோபெல். உடைத்துப் பார், ஆனால் திரும்பச் சேர்க்கவும் முடியும் என்பதுதான் இதன் செய்தி. நான்காம் பரிசும் அதே அளவுக் கனசதுரம்தான். ஆனால் எட்டுச் செங்கல் வடிவத் துண்டுகளாகப் பிரியும். ஒவ்வொரு செங்கல்லும் முந்தைய பெட்டியின் ஒரு சின்னக் கனசதுரத்துக்குக் கன அளவில் சமம். உருவம் வேறு, அடங்கியிருக்கும் மரம் ஒன்றே. ஐந்தாம் பரிசு மூன்று அங்குலக் கனசதுரம். 27 சின்னக் கனசதுரங்களில் சிலவற்றை மூலைவிட்டமாக வெட்டியதால் மொத்தம் 39 துண்டுகள். சாய்வான கூரை, கோபுரம் எல்லாம் இப்போது கட்டலாம். ஆறாம் பரிசில் 36 துண்டுகள், தூண்களும் பலகைகளும்.

விளையாடுவதற்கும் ஒரு முறை உண்டு. பெட்டியைக் கவிழ்த்து வைத்து, மூடியை உருவி, மெதுவாகத் தூக்கினால் கனசதுரம் முழுதாக மேசைமேல் நிற்கும். முதலில் முழுமையைப் பார்க்கவேண்டும், பிறகு பிரிக்கவேண்டும். விளையாட்டு முடிந்ததும் மறுபடி முழுக் கனசதுரமாக அடுக்கிப் பெட்டியைக் கவிழ்த்து மூடவேண்டும். கட்டும்போது மூன்று வகை. நாற்காலி, படிக்கட்டு, வீடு போன்ற வாழ்க்கை உருவங்கள். மையத்தைச் சுற்றிக் கோலம்போல் அமையும் அழகு உருவங்கள். பாதி, கால், அரைக்கால் என்று பிரித்துச் சேர்க்கும் அறிவு உருவங்கள். ஒன்றைக் கலைத்துவிட்டு அடுத்ததைத் தொடங்கக்கூடாது. இருப்பதையே நகர்த்தி அடுத்ததாக மாற்றவேண்டும்.

கட்டைகளுக்குப் பிறகு மெல்லிய மரத் தகடுகள் வரும். அவை பரப்பு. அடுத்துக் குச்சிகள், அவை கோடு. கடைசியில் விதைகள், கூழாங்கற்கள், அவை புள்ளி. முழுப் பொருளிலிருந்து புள்ளிவரை இறங்கி வந்தாயிற்று. பிறகு திரும்ப ஏறும் வழி: ஊறவைத்த பட்டாணியில் குச்சிகளைச் செருகிக் கனசதுரத்தின் எலும்புக்கூட்டைக் குழந்தையே கட்டும். பெஸ்டலாட்சியின் பள்ளியில் எழுந்த கேள்விக்கு ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கழித்து வந்த விடை இது.

பெயர் வந்த கதை

மனைவி வில்ஹெல்மீனா 1839இல் காலமானார். குழந்தைகள் இல்லை. ஃபிரோபெல் வேலையில் இன்னும் ஆழமாக மூழ்கினார். தன் நிறுவனத்துக்கு நல்ல பெயர் அமையவில்லையே என்ற குறை அவருக்கு. பள்ளி என்ற சொல்லே அதில் வரக்கூடாது என்பதில் உறுதியாக இருந்தார். 1840 வசந்த காலத்தில் நண்பர்களோடு கைல்ஹாவிலிருந்து பிளாங்கன்பர்க்குக்கு மலைப்பாதையில் நடந்து வரும்போது, கீழே பள்ளத்தாக்கு விரிந்து தெரிந்த ஓரிடத்தில் கிண்டர்கார்டன் என்ற பெயர் அவர் மனத்தில் உதித்தது. அந்த ஆண்டு ஜூன் 28 அன்று முறைப்படி தொடங்கிவைத்தார். ஒவ்வொரு குழந்தைக்கும் தனியாகச் சிறு பாத்தி, எல்லோருக்கும் பொதுவாக ஒரு தோட்டம். பெயர் வெறும் உவமையாக நின்றுவிடவில்லை.

பணம்தான் சேரவில்லை. பங்குகள் விற்று நிதி திரட்டலாம் என்று பெண்களுக்கு வேண்டுகோள் விடுத்தார். போதிய அளவு யாரும் வாங்கவில்லை. ஊர் ஊராகப் போய்ப் பெட்டிகளைத் திறந்து காட்டிப் பேசினார். இளம்பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து ஆசிரியைகளாக்கினார். பெண்களுக்குச் சம்பளமுள்ள மதிப்பான வேலை அரிதாக இருந்த காலத்தில் இது சின்ன விஷயமன்று. வயதான மனிதர் தெருவில் குழந்தைகளோடு கைகோத்து ஆடிப் பாடுவதைப் பார்த்து ஊரார் கேலி செய்தார்கள். 1849இல் லீபன்ஸ்டைன் ஊரில் அப்படிக் கேலிக்கு ஆளானவரைத் தேடிப் போய்ப் பார்த்தவர் பெர்த்தா ஃபொன் மாரென்ஹோல்ட்ஸ்-பியூலோ என்ற பிரபுக் குடும்பத்துப் பெண்மணி. பார்த்த அன்றே அவருக்கு விஷயம் புரிந்தது. மீதி வாழ்நாளை அவர் இந்த இயக்கத்துக்கே கொடுத்தார்.

தடை

1851இல் ஃபிரோபெல் தன் மாணவியும் உதவியாளருமான லூயிஸே லெவினை மணந்தார். மரியென்தால் என்ற இடத்தில் ஆசிரியைகளுக்கான பயிற்சி நன்றாக நடந்துகொண்டிருந்தது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 7 அன்று பிரஷ்யாவின் கல்வி அமைச்சர் ஃபொன் ரௌமர் ஓர் ஆணை பிறப்பித்தார். கிண்டர்கார்டன்கள் நாத்திகத்தையும் சோஷலிசத்தையும் பரப்புகின்றனவாம். எனவே பிரஷ்யா முழுவதும் தடை.

காரணத்தில் ஒரு பெயர்க் குழப்பமும் இருந்தது. ஃபிரோபெல்லின் அண்ணன் மகன் கார்ல் ஃபிரோபெல், பெண்களின் உயர்கல்வி பற்றியும் கிண்டர்கார்டன் பற்றியும் தீவிரமான கருத்துகளோடு ஒரு பிரசுரம் எழுதியிருந்தார். அதைச் சித்தப்பாவின் கொள்கை என்று அமைச்சகம் எடுத்துக்கொண்டது. அது நான் எழுதியது அன்று என்று ஃபிரோபெல் விளக்கம் அனுப்பினார். மன்னருக்கும் எழுதினார். ஆணையைத் திரும்பப் பெறவில்லை. தவறு என்று தெரிந்தபிறகும் மாற்றாததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1848 புரட்சியை அடக்கி மூன்றாண்டுகூட ஆகாத அரசு அது. தானாக யோசிக்கும் குழந்தை, வீட்டுக்கு வெளியே வேலை பார்க்கும் பெண் இரண்டும் அதற்குப் பிடிக்கவில்லை.

1852 ஏப்ரலில் எழுபதாவது பிறந்தநாளை மாணவிகள் கொண்டாடினார்கள். சில வாரங்களில் கோத்தா நகரில் நடந்த ஆசிரியர் மாநாட்டுக்குள் அவர் நுழைந்தபோது அவை முழுவதும் எழுந்து நின்றது. ஜூன் 21 அன்று மரியென்தாலில் காலமானார். தடை நீங்கியதைப் பார்க்க அவர் இல்லை. பெர்த்தா அம்மையாரும் மற்றவர்களும் விடாமல் முயன்றதால் 1860இல்தான் அது நீங்கியது. ஷ்வைனா என்ற ஊரில் இருக்கும் அவருடைய கல்லறைமேல் கனசதுரம், அதன்மேல் உருளை, அதன்மேல் கோளம் என்று கல்லில் செய்து அடுக்கியிருக்கிறார்கள்.

கட்டைகள் போன தூரம்

தடை இன்னொன்றையும் செய்தது. ஜெர்மனியில் இடமில்லாமல் போன ஆசிரியைகள் பெட்டிகளோடு வெளிநாடுகளுக்குக் கிளம்பினார்கள். லண்டனில் தொடங்கியது. 1856இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் வாட்டர்டவுன் ஊரில் மார்கரெத்தே ஷுர்ஸ் தன் வீட்டிலேயே ஒரு கிண்டர்கார்டன் நடத்தினார். 1876இல் பிலடெல்பியாவில் நடந்த நூற்றாண்டுக் கண்காட்சியில் இந்தப் பெட்டிகளைப் பார்த்த ஒரு தாய், தன் மகனுக்கு வாங்கித் தந்தார். அந்தப் பையன்தான் பிற்காலத்தில் உலகப் புகழ்பெற்ற கட்டடக்கலைஞர் பிராங்க் லாயிட் ரைட். அந்த மரக்கட்டைகளின் தொடுகை முதுமையிலும் தன் விரல்களில் இருப்பதாக எழுதியிருக்கிறார். கோளக்கூரைக் கட்டடங்களுக்குப் பேர்போன பக்மின்ஸ்டர் ஃபுல்லருக்குச் சிறுவயதில் கண்பார்வை மிகவும் மங்கல். கிண்டர்கார்டனில் பட்டாணியும் குச்சியும் கொடுத்தபோது மற்றப் பிள்ளைகள் வீடுபோல் பெட்டி கட்டினார்கள். வீட்டின் விளிம்பே தெரியாத இவரோ எது ஆடாமல் நிற்கிறது என்று தடவித் தடவிப் பார்த்து முக்கோணங்களால் கட்டினார்.

எல்லாமே நல்லபடி நடந்தது என்று சொல்லவும் முடியாது. பின்வந்த சிலர் பரிசுகளை மறுபடி பாடமாக்கிவிட்டார்கள். ஆசிரியை சொன்னதும் எல்லாக் குழந்தைகளும் ஒரே நேரத்தில் ஒரே கட்டையை ஒரே பக்கம் நகர்த்தவேண்டும் என்றார்கள். விளையாட்டு போய்விட்டது, கட்டை மட்டும் மிஞ்சியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேட்டி ஸ்மித் ஹில் போன்ற அமெரிக்க ஆசிரியைகள் இதை எதிர்த்து, தரையில் உட்கார்ந்து சேர்ந்து கட்டும்படியான பெரிய கட்டைகளைக் கொண்டுவந்தார்கள். ஃபிரோபெல்லின் பெட்டியை மாற்றினாலும் அவர் எண்ணத்தைக் காப்பாற்றியவர்கள் இவர்கள் எனலாம்.

நம் வீட்டில் செய்யக்கூடியவை

பாடப்புத்தகத்தில் கனசதுரத்தை அச்சிடும்போது சாய்ந்த நாற்கரங்களாகத்தான் வரைய முடியும். மூன்று முகம் தெரியும், மூன்று தெரியாது. கைப்பேசித் திரையும் தட்டைதான். மறைந்திருக்கும் முகத்தைக் கையால் திருப்பிப் பார்த்திராத பிள்ளைக்கு அந்தப் படம் வெறும் கோடுகள். ஏழாம் வகுப்பில் வந்தும் கன அளவுக் கணக்கில் பிள்ளைகள் தடுமாற இதுவும் ஒரு காரணம். இதைச் சரிசெய்யச் செலவு எதுவும் ஆகாது.

இரண்டு, மூன்று வயதுக்குப் பந்து, மூடி இறுக்கமான டப்பா, காலி அட்டைப்பெட்டி போதும். எது உருளும், எது நிற்கும், எதன்மேல் எதை வைக்கலாம் என்று அவர்களே பார்க்கட்டும். பெயரை நாம் பேச்சுவாக்கில் சொன்னால் போதும், ஒப்பிக்கச் சொல்லவேண்டாம்.

நான்கு, ஐந்து வயதில் சப்பாத்தி மாவு. உருட்டினால் கோளம். அதை உள்ளங்கையில் நீளவாக்கில் தேய்த்தால் உருளை. கோளத்தை மேசைமேல் ஆறு பக்கமும் தட்டினால் கனசதுரம். வெள்ளரிக்காயை நேராக வெட்டினால் வட்டம், சாய்த்து வெட்டினால் நீள்வட்டம். வெட்டுவது நாம், அடுத்து என்ன வடிவம் வரும் என்று முன்கூட்டியே சொல்வது அவர்கள்.

ஆறு வயதுக்கு மேல், வீட்டுக்கு வரும் பார்சல் பெட்டிகளைத் தூக்கிப் போடுவதற்குமுன் விளிம்போரமாக வெட்டி விரித்துப் பார்க்கலாம். ஒரு கனசதுரத்தைத் துண்டாகாமல் விரித்தால் பதினொரு வெவ்வேறு வடிவங்களில் விரிக்கலாம். பதினொன்றையும் கண்டுபிடிக்க ஒரு ஞாயிறு போதாது.

பட்டாணி வேலைக்கு ஊறவைத்த கொண்டைக்கடலையும் பல்குத்தும் குச்சியும் நன்றாக அமையும். பெரியவர் ஒருவர் கூட இருக்கவேண்டும். கடலை தொண்டையில் சிக்கும், குச்சி குத்தும் என்பதால் சிறு குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம். கனசதுரத்துக்கு 12 குச்சி, 8 கடலை. நான்கு முக்கோணங்களால் ஆன நான்முகிக்கு 6 குச்சி, 4 கடலை. இரண்டையும் லேசாக அழுத்தினால் கனசதுரம் ஆடும், நான்முகி அசையாது. ஏன் என்று பிள்ளைகள் கேட்பார்கள். மின்சாரக் கோபுரத்திலும் பாலத்திலும் குறுக்குக் கம்பி போட்டிருப்பதைக் காட்டினால் விளங்கிவிடும். பெரிய பிள்ளைகளிடம் இன்னொன்றும் சொல்லிப் பாருங்கள். முகங்களையும் முனைகளையும் கூட்டி விளிம்புகளைக் கழிக்கவேண்டும். கனசதுரத்தில் 6, 8, 12. நான்முகியில் 4, 4, 6. இரண்டிலும் விடை 2. சதுர அடிப் பிரமிடிலும் இப்படியே வருகிறதா என்று அவர்களே கட்டி எண்ணட்டும்.

ஒன்றை மட்டும் நினைவில் வைப்போம். குழந்தை கட்டியதை நாம் திருத்த ஆரம்பித்தால் அது மறுபடி வீட்டுப்பாடமாகிவிடும். கூட உட்காரலாம், கேட்டால் பதில் சொல்லலாம். கடைசியில் எல்லாக் கட்டைகளையும் பெட்டிக்குள் முழுதாக அடுக்கி வைப்பது மட்டும் அவர்கள் பொறுப்பு. அந்த விதியை ஃபிரோபெல்லும் தளர்த்தவில்லை. அதில் நம் எல்லோருக்கும் லாபம் உண்டு.